அகராதிக்குத் தேர்வு வைக்க ‘வளர்’ போதும்

கடையில் அகராதியைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்குத் தெரியாத கடினமான சொல் ஒன்றைத்தான் தேடுவார்கள். அது இருந்தால் நல்ல அகராதி, இல்லாவிட்டால் சுமார் என்று முடிவு. இந்த முறையில் ஒரு கோளாறு உண்டு. தெரியாத சொல்லுக்கு அகராதி என்ன எழுதியிருந்தாலும் அது சரியா தவறா என்று வாங்குகிறவருக்குத் தெரியப்போவதில்லை. நன்றாகத் தெரிந்த, தினமும் வாயில் புழங்குகிற சொல்லைத் தேடிப் பார்த்தால்தான் அகராதி செய்தவர் எவ்வளவு வேலை பார்த்திருக்கிறார் என்று புரியும். ‘வளர்’ அப்படிப்பட்ட சொல். நான்கு வயதுக் குழந்தையும் சொல்லும். ஆனால் அதன் எல்லாப் பயன்பாட்டையும் ஒழுங்காக எழுதிவைப்பது லேசில்லை.

முதலில், அந்தச் சொல் தினசரிப் பேச்சில் என்னென்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பிள்ளை வளர்கிறான், பாட்டி வளர்க்கிறாள். இது அடிப்படை. தாடி வளர்க்கிறான் என்றால் அவன் எதுவும் செய்யவில்லை, சவரம் செய்யாமல் விட்டிருக்கிறான், அவ்வளவுதான். நாய் வளர்க்கிறோம், கோழி வளர்க்கிறோம், ரோஜா வளர்க்கிறோம். ஆனால் நெல்லை யாரும் வளர்ப்பதில்லை. நெல் போடுவார்கள், பயிர் செய்வார்கள், அது விளையும். பேச்சை வளர்க்காதே என்றால் வாக்குவாதத்தை நீட்டாதே என்று பொருள். வம்பு வளர்ப்பதும் பகை வளர்ப்பதும் இதே வகை. வேள்வியில் தீ வளர்ப்பார்கள். தீமிதித் திருவிழாவில் குண்டத்துக் கட்டைகளைக் கனலாக்குவதைப் ‘பூ வளர்ப்பது’ என்பார்கள். மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னால் அது நோய். ‘வளர்ப்பு சரியில்லை’ என்றால் திட்டு. திட்டு வாங்குவது பிள்ளை, அடி விழுவது பெற்றவர் மேல். தாலாட்டில் ‘கண்வளராய்’ என்றால் வளர்ச்சியே இல்லை, தூங்கு என்று பொருள். இத்தனையையும் பிரித்துக் காட்டுகிற அகராதிதான் உருப்படியானது.

இலக்கணப் பக்கம் இன்னொரு சிக்கல். ‘வளர்’ என்ற ஒரே வடிவத்துக்குள் இரண்டு வினைகள் இருக்கின்றன. வளர்கிறது, வளர்ந்தது, வளரும் என்று போவது ஒன்று. அது தானாக நடப்பது. வளர்க்கிறது, வளர்த்தது, வளர்க்கும் என்று போவது இன்னொன்று; அது ஒருவர் செய்வது. பெயர்ச்சொற்களும் இதே வழியில் பிரியும்: தானாக நடப்பது வளர்ச்சி, ஒருவர் செய்வது வளர்ப்பு. ‘குழந்தை வளர்ச்சி’ என்ற தலைப்பில் எடை, உயரம், எந்த மாதத்தில் தவழும் என்பதெல்லாம் வரும். ‘குழந்தை வளர்ப்பு’ என்றால் பால் கொடுப்பது, அடிக்கலாமா கூடாதா என்பதெல்லாம் வரும். 1975இல் மத்திய அரசு தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்துக்கு ‘ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சி’ என்று பெயர் வைத்தார்களே தவிர வளர்ப்பு என்று வைக்கவில்லை. வளர்ப்பது வீட்டின் பொறுப்பு. மூன்றாவதாக ‘வளர்த்தி’ என்ற சொல் உண்டு. பேச்சில் ‘வளத்தி’. பையன் நல்ல வளத்தி என்றால் உயரம் என்று மட்டுமே பொருள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியிலிருந்து தொடங்கலாம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், பிறகு ஓர் அனுபந்தம். முதன்மைத் தொகுதிகளில் 1,04,405 சொற்கள், அனுபந்தத்தில் 13,357. 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இது முழுவதும் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் உண்டு.

புதிதாக நுழைகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது வினைச்சொல்லில். பேரகராதி ‘வளர்ந்தான்’ என்பதையோ ‘வளர்’ என்பதையோ தலைச்சொல்லாகத் தருவதில்லை, தொழிற்பெயராகத் தருகிறது. ‘வளர்-தல்’ ஒரு பதிவு, ‘வளர்-த்தல்’ அடுத்த பதிவு. முதலாவதன் பக்கத்தில் 4 என்ற எண்ணும், இரண்டாவதன் பக்கத்தில் 11 என்ற எண்ணும் இருக்கும். பலர் இதை அச்சுக்குறி என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். அதுதான் அந்தப் பதிவின் திறவுகோல். 4 என்றால் நிகழ்காலத்தில் ‘கிற்’, இறந்தகாலத்தில் ‘ந்த்’, எதிர்காலத்தில் ‘வ்’ எடுக்கும் வினை. 11 என்றால் ‘க்கிற்’, ‘த்த்’, ‘ப்ப்’. அசைதல்–அசைத்தல், சேர்தல்–சேர்த்தல் என்று ஏராளமான இணைகள் இதே 4–11 ஒழுங்கில் வரும். இந்த எண்ணைப் படிக்கப் பழகிவிட்டால் தமிழ் கற்கிற வெளியூர்ப் பிள்ளைக்கும் வினை வடிவங்களைத் தானாகவே கட்ட வரும்.

பேரகராதியின் பெரும்பலம் பொருளை ஆங்கிலத்திலும் தமிழிலும் தருவதும், எந்த நூலில் அந்தப் பொருள் வருகிறது என்று குறிப்பதும். குறிப்புகளைத் தரம் பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும். பொருளுக்குப் பின்னால் குறள், சீவகசிந்தாமணி போன்ற நூற்பெயரின் சுருக்கம் இருந்தால் அது எழுத்தில் ஆளப்பட்ட பொருள். பிங்., திவா., சூடா. என்று நிகண்டின், அதாவது செய்யுளில் எழுதிய பழைய சொற்பட்டியலின், சுருக்கம் மட்டும் இருந்தால் நிகண்டுக்காரர் பட்டியலிட்டது என்று அர்த்தம். மக்கள் அப்படிப் பேசினார்களா என்பது தனிக் கேள்வி. ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்து இருந்தால் அமெரிக்கப் பாதிரியார் வின்சுலோவின் அகராதியிலிருந்து எடுத்தது. ‘ஜே’ என்றால் யாழ்ப்பாண வழக்கு. இதையெல்லாம் கவனிக்காமல் பதிவின் கடைசியில் இருக்கும் அபூர்வப் பொருளைப் பிடித்துக்கொண்டு ‘இந்தச் சொல்லுக்கு உண்மையான அர்த்தம் தெரியுமா?’ என்று முகநூலில் எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பாவம், பேரகராதி ஏமாற்றவில்லை. அவர்கள் சுருக்கக் குறியீட்டு அட்டவணையைத் திறக்கவில்லை.

வளரும் பருவத்தைக் குறிக்கும் பழஞ்சொற்களுக்கு இதை மிஞ்ச வேறு கருவி கிடையாது. பெண்ணுக்குப் பேதை 5 முதல் 7, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12–13, மடந்தை 14 முதல் 19, அரிவை 20 முதல் 25, தெரிவை 26 முதல் 31, பேரிளம்பெண் 32 முதல் 40 என்ற கணக்கு உலா இலக்கியத்துக்கானது. வீதியில் வரும் தலைவனைப் பார்த்து மயங்கும் ஏழு பருவத்துப் பெண்களைப் பாடுவதற்காக வகுத்த ஏற்பாடு. பதினைந்து வயதுப் பெண்ணை மடந்தை என்று இன்றைக்கு எழுதினால் ஏதோ செய்யுள் படித்தது போலிருக்கும். ஆண் பக்கம் ‘விடலை’ என்ற சொல்லின் பாதை இன்னும் வேடிக்கை. பழைய பொருளில் 16 முதல் 30 வயது வரையுள்ள ஆண்மகன், வீரன், பாலைநிலத் தலைவன். இப்போது ‘விடலைப் பசங்க’ என்றால் பேருந்து நிறுத்தத்தில் கூட்டமாக நின்று கத்துகிறவர்கள். வீரமும் போயிற்று, வயதும் குறைந்து பதின்மத்துக்குள் அடங்கிவிட்டது. பேரகராதியில் பழைய மரியாதைதான் இருக்கும், இறக்கம் தெரியாது. அது அதன் குற்றமில்லை. 1936இல் முடிந்த வேலை அது. பல்கலைக்கழகம் 1982இல் மறுஅச்சு போட்டபோதும் உள்ளடக்கம் பழையதுதான்.

ஜெர்மன் பாதிரியார் பெப்ரீசியஸின் தமிழ்–ஆங்கில அகராதியை இன்று பயன்படுத்துகிறவர்கள் குறைவு. மூலம் 1779இல் வேப்பேரியில் அச்சானது. இணையத்தில் கிடைப்பது தரங்கம்பாடியிலிருந்து 1972இல் வந்த நான்காம் பதிப்பு. கூட்டுச்சொற்களை எல்லாம் தாய்ச்சொல்லின் அடியிலேயே அடுக்கியிருப்பது இதன் வசதி. ஒரு குடும்பத்தைச் சேர்ந்த சொற்கள் ஒரே இடத்தில் கண்ணில் படும்; வாசிக்கிறவருக்கு வேரிலிருந்து கிளை எப்படிப் போகிறது என்று தெரியும். வினை வகைக்கு இது ரோமன் எண்ணைப் பயன்படுத்துகிறது. பேரகராதியின் 4 இங்கே இரண்டாம் வகை. 11 இங்கே ஆறாம் வகை. இரண்டு அகராதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற மாணவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். 1862இல் வந்த வின்சுலோவின் அகராதியும் இணையத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பணியின் வாசனை அதில் நிறைய. இலங்கை வழக்கு தேடுகிறவர்கள் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அவசரத் தேவையில்லை.

இனி க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு, 2008இல் விரித்த இரண்டாம் பதிப்பு, 2020இல் மூன்றாவது. மூன்றாம் பதிப்பு வந்த கையோடு, அதே ஆண்டு நவம்பர் 17 அன்று பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் காலமானார். தமிழில் ஒரு சொல்லை இன்று எப்படி ஆள்வது என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே உட்கார்ந்து செய்த அகராதி இது ஒன்றுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இதில் வினை, ‘வளர்’ என்ற வேர் வடிவிலேயே தலைச்சொல்லாக இருக்கும். தொழிற்பெயராகத் திருப்பித் தேட வேண்டியதில்லை. அடைப்புக்குள் எச்ச வடிவங்கள். ‘வளர, வளர்ந்து’ என்றிருந்தால் தானாக நடப்பது. ‘வளர்க்க, வளர்த்து’ என்றிருந்தால் ஒருவர் செய்வது. 4, 11 என்ற எண்ணை மனப்பாடம் செய்கிற வேலையே இல்லை. பொருளுக்குப் பின் எடுத்துக்காட்டு வாக்கியம் வரும். இந்த வாக்கியங்கள்தான் காசுக்கு மதிப்பு. ‘வளர்’ என்ற சொல்லின் பக்கத்தில் எது உட்காரும், எது உட்காராது என்று விளக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தாடி வளர்க்கலாம், நெல் வளர்க்கக்கூடாது என்பதை எந்த வரையறையும் சொல்லித்தராது, வாக்கியம் சொல்லித்தரும்.

இன்னொரு பலம் வழக்குக் குறிகள். பே.வ. என்றால் பேச்சு வழக்கு, உ.வ. என்றால் உயர் வழக்கு, வ.வ. என்றால் வட்டார வழக்கு, இலங். என்றால் இலங்கைத் தமிழ் வழக்கு, அரு.வ. என்றால் அருகிவரும் வழக்கு. வளர்ந்து ஆளாவதைக் குறிக்கும் சொற்களில் இந்தக் குறிகள் இல்லாமல் ஓரடி எடுத்துவைக்க முடியாது. ஏன் என்பதற்குப் பெண் பூப்படைவதைக் குறிக்கும் சொற்களைப் பார்த்தாலே போதும். மருத்துவக் கட்டுரையிலும் பாடநூலிலும் ‘பூப்பு’, ‘பருவமடைதல்’. அழைப்பிதழ் அச்சடித்தால் ‘பூப்புனித நீராட்டு விழா’ அல்லது ‘மஞ்சள் நீராட்டு விழா’. வாயால் சொல்லும்போது யாரும் பூப்படைந்தாள் என்று சொல்வதில்லை. ‘வயசுக்கு வந்துட்டா’, ‘பெரிய மனுஷி ஆயிட்டா’, ‘சமைஞ்சுட்டா’, ‘ஆளாயிட்டா’, ‘சடங்காயிட்டா’ என்று ஊருக்கும் வீட்டுக்கும் ஏற்ப மாறும். யாழ்ப்பாணப் பக்கம் ‘பெரியபிள்ளை ஆகிட்டா’, ‘சாமத்தியப்பட்டிட்டா’. விழா ‘சாமத்திய வீடு’. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் வாக்கியம் கெட்டுவிடும். அத்தை பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசியில் ‘எங்க பொண்ணு பூப்படைந்துவிட்டாள்’ என்று சொன்னால் அது நாடக வசனம். பொருளை மட்டும் தருகிற அகராதி இங்கே உதவாது.

‘சமை’யை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ‘வளர்’ போலவே அதுவும் இரட்டை. சமைந்தாள் என்றால் பருவமடைந்தாள். சமைத்தாள் என்றால் சோறாக்கினாள். ஒன்று 4, மற்றது 11. சமைதல் என்றால் தயாராவது, பக்குவப்படுவது. இரண்டு பொருளும் அந்த ஒரே வேரிலிருந்து வந்தவைதான். பேரகராதி இதைத் தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறது. சந்தையில் கிடைக்கும் கையடக்க அகராதிகளில் பலவற்றில் சமையல் மட்டும்தான் இருக்கும். மற்றது கூச்சத்தினால் விடப்பட்டதா, இடமில்லாமல் விடப்பட்டதா என்று கேட்க ஆளில்லை.

இதைவிட ஆபத்தானது ஒற்றை உருபு வித்தியாசம். ‘வயது வந்த’ என்றால் சட்டப்படி முழு வயதடைந்த, ஆண் பெண் இருவருக்கும் பொது. வயது வந்தோர் வாக்குரிமை, வயது வந்தோர் கல்வி என்பன அரசுச் சொற்கள். இந்தியாவில் வாக்களிக்கும் வயது 21 ஆக இருந்ததை 18 ஆக்கியது 1988ஆம் ஆண்டின் 61ஆவது அரசியலமைப்புத் திருத்தம். ‘வயதுக்கு வந்த’ என்றால் கதை வேறு, பூப்படைந்த பெண். நடுவில் ஒரு ‘க்கு’தான். அது விழுந்தால் பன்னிரண்டு வயதுச் சிறுமி வாக்காளர் ஆகிவிடுவாள். வேண்டாத இடத்தில் சேர்ந்தால் திரைப்படத் தணிக்கைச் சான்றிதழே சிரிப்புக்கு இடமாகிவிடும். அகராதி வாங்குகிறவர்கள் ‘வயது’ என்ற பதிவைத் திறந்து இந்த இரண்டு தொடரும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். காவல் நிலையத்தில் இந்தச் சிக்கலே இல்லை. ‘பொண்ணு மேஜர்’ என்று முடித்துவிடுவார்கள்.

பையன்களுக்கு இப்படி ஒரு நாளில் நடக்கிற நிகழ்வும் இல்லை, அதற்குச் சொல்லும் இல்லை. மீசை முளைச்சாச்சு, குரல் உடைஞ்சிருச்சு, தோளுக்கு மேல வளர்ந்துட்டான் என்று அடையாளத்தை வைத்துத்தான் சொல்வார்கள். ‘ஆளாயிட்டா’ என்று பெண்ணைச் சொன்னால் பூப்பு. ‘ஆளாயிட்டான்’ என்று ஆணைச் சொன்னால் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டான், நிமிர்ந்துவிட்டான். ‘படிக்க வச்சு ஆளாக்கினேன்’ என்று தகப்பன் சொல்வது இருவருக்கும் பொருந்தும். ‘கேலிக்கு ஆளானான்’ என்பதில் வளர்ச்சியே கிடையாது. ஒரே ‘ஆளாகு’. அடுத்து வரும் விகுதி ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிற இப்படிப்பட்ட சொற்களில் க்ரியா உள்ளிட்ட எல்லா அகராதிகளுக்குமே இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. சாதிக்குச் சாதி, வீட்டுக்கு வீடு மாறும் பேச்சை ஒரு தொகுதிக்குள் அடக்குவது கஷ்டம்தான்.

க்ரியாவின் குறை என்று சொல்வதானால், பெயரே சொல்வது போல அது தற்காலத் தமிழுக்கு மட்டும். தாலாட்டையும் பிள்ளைத்தமிழையும் படிக்கிறவர்கள் செங்கீரை, சப்பாணி என்று குழந்தைப் பருவப் பெயர்களைத் தேடினால் பேரகராதிக்குத்தான் போக வேண்டும். புத்தகம் கனமானது; படுத்துக்கொண்டு படிக்க முடியாது.

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில்தான் ‘வளர்’ மிக மோசமாக அடிபடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் 1960களில் வந்த ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் நல்ல உழைப்பு. ஆனால் நடை முழுக்க எழுத்துத் தமிழ். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சிறிய அகராதிகளில் ‘குரோ’ என்றால் வளர், ‘குரோ அப்’ என்றாலும் வளர் என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அதை நம்பி எழுதினால் என்ன ஆகும்? ‘நீ வளர்ந்து என்ன ஆகப் போகிறாய்?’ என்று குழந்தையைக் கேட்பது போல மொழிபெயர்ப்பார்கள். எந்த மாமாவும் அப்படிக் கேட்டதில்லை. ‘பெரியவனானதும் என்னவாகப் போறே?’ என்பதுதான் தமிழ். அடம்பிடிக்கும் இளைஞனைப் பார்த்து ஆங்கிலத்தில் ‘குரோ அப்’ என்று கத்துவதை ‘வளரு!’ என்று வசனமாக்கினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ‘சின்னப்புள்ளத்தனமா பண்ணாதே’, கொஞ்சம் கோபம் கூடினால் ‘ஏழு கழுதை வயசாச்சு’, இன்னும் கூடினால் ‘ஆளு வளர்ந்த அளவுக்கு அறிவு வளரல’. நான் மதுரையில் வளர்ந்தேன் என்பது தவறில்லை. ஆனால் ‘பிறந்து வளர்ந்ததெல்லாம் மதுரைதான்’ என்றுதான் வாயில் வரும். பிறப்பும் வளர்ப்பும் சேர்ந்தே வருகிற தொடர் அது. ‘அவர்கள் அரிசி வளர்க்கிறார்கள்’ என்ற வாக்கியம் மொழிபெயர்ப்புச் செய்திகளில் இப்போது தைரியமாக உலாவுகிறது. அரிசி ஆலையிலிருந்து வருவது, வயலில் இருப்பது நெல், அதையும் வளர்ப்பதில்லை.

கலைச்சொல் தேவைக்கு மட்டும் தமிழ் விக்சனரி என்ற இணைய அகராதி பயன்படும். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் என்று எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தாலும், கணிசமான பகுதி கலைச்சொல் பட்டியல்களிலிருந்து தானியங்கி மூலம் ஏற்றப்பட்டது. ஒரு வரிப் பொருள்தான் இருக்கும். பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்களை உலகச் சுகாதார நிறுவனம் ஒரு தனிப் பருவமாகப் பிரிக்கிறது. அதற்கான ‘வளரிளம் பருவம்’ என்ற அரசுச் சொல்லையும் ‘பதின்பருவம்’ என்ற எழுத்தாளர் சொல்லையும் இங்கே தேடலாம். அங்கன்வாடி ஊழியர் வாயில் ‘வளரிளம் பெண்கள்’ சரளமாக வரும். அந்த வயதுப் பெண்களின் வாயில் வராது.

மொழிபெயர்ப்புச் செயலிகளின் விடை மாதத்துக்கு மாதம் மாறுவதால் இங்கே எழுதிவைத்துப் பயனில்லை. பயன்படுத்தும் முன் இந்த நான்கையும் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்: ‘அவள் நேற்றுதான் சமைந்தாள்’, ‘பேச்சை வளர்க்காதே’, ‘வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது’, ‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’. கடைசி வாக்கியத்தில் வளர்த்தல், வளர்தல் இரண்டும் ஒன்றாக வருகின்றன. ‘தானே’ என்பது ‘தானாக’ என்ற பொருளில் நிற்கிறது. நான்கில் இரண்டு சரியாக வந்தால் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கு அனுப்பும் கடிதத்துக்கு வேண்டாம்.

தேடும்போது நேரும் சில்லறைத் தவறுகளையும் சொல்லிவிட வேண்டும். காதில் கேட்ட வடிவத்தை அப்படியே தட்டினால் கிடைக்காது. பேச்சில் ‘ந்த’, ‘த்த’ இவற்றுக்கு முன்னால் ‘ர்’ உதிர்ந்துவிடும். வளந்துட்டான் என்பது வளர்ந்துவிட்டான். வளத்தது என்பது வளர்த்தது. சேந்து என்பது சேர்ந்து. பாத்து என்பது பார்த்து. கிடைக்காவிட்டால் ஒரு ‘ர்’ சேர்த்துப் பாருங்கள், பாதி நேரம் கதவு திறக்கும். அச்சு அகராதியில் ‘வள’ வரிசை, ‘வல’வுக்கும் ‘வழ’வுக்கும் பிறகு வரும், ய, ர, ல, வ, ழ, ள என்ற வரிசை நினைவிருந்தால் பக்கம் தேட வேண்டியதில்லை. சிகாகோ தளத்தில் தலைச்சொற்களில் மட்டும் தேடுவதா, பதிவு முழுவதிலும் தேடுவதா என்று தேர்ந்தெடுக்கலாம். கூட்டுச்சொல் கிடைக்காதபோது இரண்டாவது வழியில் போனால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

ஒற்று மிகுமா மிகாதா என்பதற்கும் இதே சொல் நல்ல உரைகல். வளர்பிறை வினைத்தொகை, வளர்ந்த, வளர்கிற, வளரும் பிறை என்று முக்காலமும் உள்ளே மறைந்திருக்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ‘வளர்ப்பிறை’ என்று நாட்காட்டிகளிலேயே அச்சாகிறது, தவறு. ஆனால் வளர்ப்புத் தாய், வளர்ப்புப் பிராணி, வளர்ச்சிப் பணி என்பவற்றில் மிகும். வளர்ப்பு மகன் என்பதில் மகரம் வல்லினம் இல்லை என்பதால் பேச்சே எழாது. தேய்பிறைக்கும் வளர்பிறையின் கதைதான். அதை ‘தேய்ப்பிறை’ என்று எழுதுவதும் தவறுதான்.

வீட்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் க்ரியா. பேரகராதிக்குச் செலவு வேண்டாம், தளத்தின் முகவரியைக் கைபேசியின் முகப்பில் வைத்துக்கொண்டால் போதும். பிள்ளைக்குக் கையடக்கமாக ஒன்று வேண்டும் என்று கடைக்குப் போகிறவர்கள் அட்டையில் போட்டிருக்கும் சொல் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். ‘வளர்’ இரண்டு பதிவாக இருக்கிறதா, ‘வயது’க்குக் கீழே ‘வயது வந்த’, ‘வயதுக்கு வந்த’ இரண்டும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கவும். ‘சமை’க்கு எதிரே அடுப்படி மட்டும் இருந்தால் புத்தகத்தை அடுக்கிலேயே வைத்துவிடலாம்.